பாறை எதை மறக்கும், எதை மறக்காது?

கேள்வி: எங்கள் ஊரைச் சுற்றிலும் கிரானைட் குவாரிகள். முன்பு தாங்கிய அழுத்தத்தைப் பாறை நினைவில் வைத்திருக்கும் என்று கல்லூரியில் சொன்னார்கள். அது எப்படி? எல்லாப் பாறைக்கும் இந்த நினைவு உண்டா?
– ஒரு மாணவி, கிருஷ்ணகிரி

பதில்: பாறைச் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தவன் என்பதால், எனக்கு மிகப் பிடித்த கேள்வி இது. உருளையாக வெட்டிய கல்லை அழுத்தும் இயந்திரத்தில் நிறுத்தி, பக்கவாட்டில் கிரீஸ் தடவி ஓர் உணரியைப் பொருத்துவோம். சுமை ஏற ஏற உள்ளே நுண்விரிசல்கள் திறக்கும். ஒவ்வொன்றும் சின்னதாக ஓர் ஒலி விடும். நம் காதுக்கு எட்டாது, கருவி எண்ணிவிடும்.

50 மெகாபாஸ்கல் (அழுத்தத்தை அளக்கும் அலகு) வரை அழுத்திவிட்டுச் சுமையை இறக்குங்கள். மறுபடி ஏற்றினால், நல்ல கிரானைட் 50ஐ நெருங்கும்வரை ஏறக்குறைய வாய் திறக்காது. தாண்டியதும் எண்ணிக்கை சடசடவென ஏறும். அந்தச் சுமைக்குத் திறக்க வேண்டிய விரிசல்கள் முதல் முறையே திறந்துவிட்டன, அவ்வளவுதான். யோசஃப் கைசர் என்ற ஜெர்மானியர் 1950இல் மூனிக்கில் தன் ஆய்வேட்டில் இதைப் பதிவு செய்தார். அவர் முக்கியமாகப் பார்த்தது உலோகங்களை. பாறையிலும் அப்படித்தான் என்று 1963இல் அமெரிக்கர் ரிச்சர்ட் குட்மன் எழுதினார்.

இந்த நினைவுக்குத் திசை உண்டு. மேலிருந்து அழுத்திய கல்லைப் பக்கவாட்டில் அழுத்தினால் பழைய கதையைச் சொல்லாது. அதனால்தான் ஒரே பாறைத் துண்டிலிருந்து பல திசைகளில் சிறு உருளைகள் வெட்டுகிறோம்.

இனி பாறை வகைகள். கிரானைட், குவார்ட்சைட் போன்ற கெட்டியான, நொறுங்கும் இயல்புள்ள பாறைகளில், ஒலி எண்ணிக்கை சடசடவென ஏறத் தொடங்கும் அந்தத் திருப்பம் தெளிவாக விழும். துளைகள் மிகுந்த மணற்கல்லில் அது மழுங்கலாக வரும். எங்கே என்று கை வைத்துச் சொல்வது கடினம். பாறை உப்பு மெல்ல நெகிழும். அதன் விரிசல்கள் நாளடைவில் மூடிக்கொள்ள, நினைவும் மங்கும். களிப்பாறை நனைந்தால் அதன் சாட்சியை நான் ஏற்க மாட்டேன். கிரானைட்டே ஆனாலும், உடையும் நிலையை நெருங்குமளவு அழுத்திவிட்டால், அடுத்த முறை பழைய அளவை எட்டுமுன்பே ஒலிக்கத் தொடங்கிவிடும்.

கோலார் தங்கவயலில் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிய சுரங்கங்களில், அழுத்தம் தாங்காமல் பாறை வெடித்து உயிர்கள் போயின. அங்கே வேலை செய்தவர்களில் தமிழர்கள் ஏராளம். பூமிக்குள் எவ்வளவு அழுத்தம் என்று தெரிந்துகொள்வதில் எனக்கிருக்கும் அக்கறைக்கு அதுவே காரணம். ஆனால் ஆழத்திலிருந்து எடுத்த கல் சொல்வது இன்றைய அழுத்தத்தையா, என்றோ தாங்கிய உச்சத்தையா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் வாதம் நடக்கிறது. துளைக்குள் நீரை அழுத்திப் பாறையைப் பிளக்கும் சோதனையும் செய்து, இரண்டும் ஒத்துவந்தால்தான் நான் நம்புவேன்.

புராஜெக்ட் செய்வதாக இருந்தால், ஒரே கல்லில் இரண்டு உருளைகள் வெட்டுங்கள். இரண்டையும் உடையும் வலிமையில் மூன்றில் ஒரு பங்குவரை அழுத்தி இறக்குங்கள். ஒன்றை உடனே மறுபடி சோதியுங்கள், மற்றதை ஒரு மாதம் கழித்து. அப்புறம் எனக்கு எழுதுங்கள்.