ரேடியோவைக் கேளுங்கள்

கேள்வி: ஜாலஹள்ளியில் வேலை பார்த்த என் அப்பா 1971இல் வாங்கிய டிரான்சிஸ்டர் ரேடியோ எங்கள் வீட்டு ஷோகேஸில் இருக்கிறது. அது பாடி இருபது வருடம் ஆகிறது. "குப்பை, தூக்கிப் போடுங்கள்" என்கிறான் மகன். ஐம்பது வயது தாண்டிய எலெக்ட்ரானிக் சாமானுக்கு நல்ல விலை கிடைக்கும், விற்றுவிடுங்கள் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். யார் பேச்சைக் கேட்பது?
– வாசகி ஒருவர், அல்சூர், பெங்களூரு

பதில்: இரண்டு பேர் பேச்சையும் கேட்க வேண்டாம் அம்மா. ரேடியோவைக் கேளுங்கள். எனக்குக் கோபம் உங்கள் மேல்தான். இருபது வருடமாகக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துத் தூசி தட்டியிருக்கிறீர்கள்; ஒரு தடவையாவது பின்மூடியைத் திறந்து பார்த்தீர்களா? பாட வேண்டிய பொருளைப் பூட்டி வைத்துவிட்டு, பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று சொல்வதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

இன்றைக்கே திறங்கள். முதலில் பேட்டரி அறை. பழைய செல்லை உள்ளேயே விட்டிருந்தால் ஸ்பிரிங்கில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும். சாதாரண டார்ச் செல்லின் துத்தநாகக் கூடே கரைந்துதான் மின்சாரம் தருகிறது. கூடு அரித்து ஓட்டை விழுந்ததும் உள்ளிருக்கும் பசை கசிந்துவிடும். அந்தக் கசிவு அமிலத்தன்மை கொண்டது. சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்து, பழைய பல் பிரஷ்ஷால் தேயுங்கள். ஆல்கலைன் செல் கசிந்திருந்தால் அது காரம். அதற்கு எலுமிச்சைச் சாறு. துடைத்துக் காயவிட்டு, உலோகம் பளிச்சென்று தெரியும்வரை உப்புத்தாளால் மெல்ல உரசுங்கள். என் மேஜையில் இருக்கும் ரேடியோ எட்டு வருடம் ஊமையாகக் கிடந்தது. இனி உயிர் வராது என்று ஒரு கடைக்காரர் கையை விரித்துவிட்டார். குற்றம் அத்தனையும் ஒரு ஸ்பிரிங்கில் இருந்தது. வால்யூம் குமிழைத் திருப்பும்போது கரகரத்தால் பயப்படாதீர்கள், உள்ளே படிந்த அழுக்குதான். நாலைந்து முறை முழுதாகத் திருப்பினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

அதற்கும் பேசவில்லை என்றால் எலெக்ட்ரானிக் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டுக்கு எடுத்துக்கொண்டு போங்கள். மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் எலெக்ட்ரோலிட்டிக் கண்டன்சர்கள் பழசானால் உள்ளே ஈரம் வற்றிச் செத்துப்போவது வழக்கம். அந்தக் கால ரேடியோவில் ஒவ்வொரு உறுப்பும் தனித்தனியாகக் கால் ஊன்றி நிற்கிறது. கெட்டதை மட்டும் எடுத்துவிட்டு வேறொன்றைப் பற்றவைக்கலாம். இத்தனை வருடம் கழித்தும் அதைப் பிழைக்கவைக்க முடிவது இதனால்தான்.

மூடி திறந்திருக்கும்போதே உள்ளே கண்ணை ஓட்டுங்கள். விரல் நுனி அளவுக்கு உலோகத் தொப்பிகள் நின்றால், அவைதான் டிரான்சிஸ்டர்கள். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் 1947இல் பிறந்தவை. நான்கே டிரான்சிஸ்டரோடு அந்த நாட்டில் முதல் டிரான்சிஸ்டர் பாக்கெட் ரேடியோ விற்பனைக்கு வந்தது 1954இல். அதே 1954இல்தான் நம் ஊரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் (பி.இ.எல்.) நிறுவனம் தொடங்கியது. 1960களில் ஜாலஹள்ளியில் இருக்கும் அதன் ஆலையிலேயே ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்களைச் செய்தார்கள். உங்கள் ரேடியோவின் தொப்பி ஒன்றில் பி.இ.எல். என்ற எழுத்துகள் இருக்கின்றனவா என்று ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். இருந்தால், அப்பா வேலை பார்த்த இடத்திலேயே பிறந்த பொருள் அது.

விலையைப் பற்றி ஒரு வரி போதும். ஆலையில் ஆயிரக்கணக்கில் செய்த சாமானுக்கு வயது மட்டுமே விலையை ஏற்றிவிடாது. அப்பாவின் விரல் பட்டுத் தேய்ந்த குமிழுக்கு வாங்குகிறவர் தனியாகக் காசு தரப் போவதும் இல்லை.

பெங்களூர் வானொலி 1955இல் தொடங்கியது. மீடியம் வேவில் அதன் இடம் 612 கிலோஹெர்ட்ஸ். ஆனால் பிழைப்புக்காக இங்கே வந்த நம்மவர்கள் இருட்டியதும் தேடியது வேறு எண்களை. சென்னை 720, திருச்சி 936. பகலில் வானத்தின் கீழடுக்கு இந்த அலைகளை விழுங்கிவிடும். சூரியன் மறைந்ததும் அந்த அடுக்கு கலைய, மேலடுக்கு அவற்றைப் பூமிக்குத் திருப்பி அனுப்பும். ஊர்ப்பேச்சு கேட்டது அப்படித்தான். 900ஐத் தாண்டிய இடத்தில் என் அப்பா பேனாவால் ஒரு நீலப் புள்ளி வைத்திருந்தார். உங்கள் டயலிலும் தேடிப் பாருங்கள்.

ரேடியோ பேச ஆரம்பித்ததும் இரவில் மொட்டை மாடிக்குக் கொண்டுபோங்கள். வீட்டுக்குள் எல்.இ.டி. விளக்குகளும் சார்ஜர்களும் மீடியம் வேவில் இரைச்சலைக் கிளப்பும். நின்ற இடத்திலேயே ரேடியோவை மெல்லத் திருப்புங்கள். உள்ளே செம்புக் கம்பி சுற்றிய கறுப்பு ஃபெரைட் கோல்தான் ஏரியல்; திசைக்குத் திசை அதன் காது மாறும்.

மகனுக்கும் ஒரு வார்த்தை. அவருடைய மேஜை டிராயரில் பழைய மொபைல் போன்கள் கிடந்தால் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பின்பக்கம் உப்பியிருந்தால் லித்தியம் பேட்டரி வீங்கியிருக்கிறது என்று பொருள். குத்துப்பட்டாலோ நசுங்கினாலோ தீப்பிடிக்கும். வீட்டைவிட்டு முதலில் போக வேண்டியது அதுதான். குப்பை வண்டியில் போடக் கூடாது. அரசு அங்கீகாரம் பெற்ற மின்னணுக் கழிவு சேகரிப்பாளரிடம் அவரே கொண்டுபோய்க் கொடுக்கட்டும்.