நாக்டர்ன்ல இடது கை சத்தம் குழம்புதுன்னு கேட்டவருக்கு

வணக்கம்ங்க, சாட்ஸ்வொர்த்துல ஃப்ளாட்ல டிஜிட்டல் பியானோ வச்சு இந்தக் காலத்து நாக்டர்ன் (ராத்திரி அமைதியை நினைவூட்டுற இசைத் துண்டு) செட் ஒண்ணு பழகுறீங்க, இடது கை அகலத்துக்கு விரல் எட்டல, சத்தத்தை நீட்டிக்கிற பெடலைப் போட்டா எல்லாம் குழம்புதுன்னு எழுதியிருந்தீங்க. கை சின்னதுன்னு தயவுசெஞ்சு விட்றாதீங்க. பாஸ் நோட்டை, அதாவது அடியில வர்ற கனத்த சுரத்தைத் தட்டி, விரல் அதுல இருக்கும்போதே பெடலை அழுத்துங்க, அப்புறம் கையை எடுத்தாலும் அது ஒலிச்சுக்கிட்டே இருக்கும், நீங்க நிதானமா மேல போகலாம். நாக்டர்னுக்குப் பேர்போன இசையமைப்பாளர் ஷோபானோட நாக்டர்ன் பலதுக்கும் இதான் அஸ்திவாரம்.

குழப்பத்துக்கு வர்றேன். பழைய நாக்டர்ன்ல கார்டு (சேர்ந்து ஒலிக்கிற சுரக் கூட்டம்) மாறும்போது பெடலையும் மாத்தினா பெரும்பாலும் தெளிஞ்சிடும், புதுசுல அப்படி இல்ல, சில இடத்துல முரணான சுரங்கள் ஒண்ணு மேல ஒண்ணு தொங்கணும்னே எழுதியிருப்பாங்க, அதனால நோட்டேஷன்ல பெடல் குறி எங்க முடியுதுன்னு முதல்ல பாருங்க. குறி இல்லன்னா வலது கை மெலடி தனியா கேக்குதான்னு மட்டும் கவனிங்க, மறைஞ்சா பெடலைப் பாதி தூக்குங்க.

ஆனா டிஜிட்டலோட வர்ற சின்ன சதுரப் பெடல் பலதும் வெறும் ஆன்-ஆஃப் சுவிட்சுதான், பாதி அழுத்தம் அதுக்குப் புரியாது, என்னதான் பழகினாலும் வராது. உங்க மாடல் ஹாஃப் பெடல் எடுக்குமான்னு மேனுவல்ல பாத்து, எடுக்கும்னா அதுக்கேத்த பெடலை வாங்கிடுங்க.