6-2இல் மூன்று மாதங்கள்

கேள்வி: சிறுவயதில் முடிக்காமல் விட்ட ‘நிஞ்ஜா கெய்டன்’ என்ற பழைய வீடியோ விளையாட்டை இப்போது 38 வயதில் மறுபடி ஆடுகிறேன். தினமும் இரவு ஒரு மணி நேரம் ஆடியும் மூன்று மாதங்களாக 6-2 லெவலை, அதாவது ஆறாம் கட்டத்தின் இரண்டாம் பகுதியை, தாண்ட முடியவில்லை. பறவை வந்து மோதுகிறது, பள்ளத்தில் விழுகிறேன். நினைத்த இடத்தில் ஆட்டத்தைச் சேமித்து, தோற்றால் அங்கிருந்தே தொடரும் ‘சேவ் ஸ்டேட்’ வசதி இருக்கிறது. ஆனால் அது ஏமாற்று வேலை என்று தொடவில்லை. வயதாகி, கை வேகம் குறைந்துவிட்டதா? முறையாகப் பயிற்சி செய்ய வழி உண்டா?

பதில்: உங்கள் ஒரு மணி நேரத்தை முதலில் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 6-2இல் உங்களைக் கொல்லும் இடம் பத்து நொடி நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே போய்ச் சேர ஒவ்வொரு முறையும் சராசரியாக மூன்று நிமிடம் ஆகிறது என்றால், ஒரு மணி நேரத்தில் 19 முறை அந்த இடத்தைப் பார்ப்பீர்கள். மொத்தம் 190 நொடி. மீதி ஐம்பத்தாறு நிமிடமும் ஏற்கெனவே கைவந்த பகுதிகளையே திரும்பத் திரும்ப ஆடுகிறீர்கள். மூன்று மாத உழைப்பில் அந்தப் பத்து நொடிக்கு நீங்கள் கொடுத்த நேரம் ஐந்து மணி நேரம்கூட இல்லை. அதுவும் எப்படி? உயிர்கள் குறைந்து, கட்டைவிரல் இறுகி, இந்த முறையாவது விழக் கூடாதே என்ற பயத்தோடு. இப்படிப் பயின்றால் இருபது வயதுக்காரருக்கும் வராது. வயதை விட்டுவிடுங்கள்.

இசை கற்பவர்கள் தடுக்கும் இடத்தை மட்டும் தனியாக எடுத்து நூறு முறை பாடுவார்கள். ஒவ்வொரு தவறுக்கும் பாட்டை முதலிலிருந்து தொடங்குவதில்லை. சேவ் ஸ்டேட் உங்களுக்கு அந்த வசதியைத்தான் தருகிறது. அதை ஏமாற்று என்று ஒதுக்க வேண்டியதில்லை. கொனாமி நிறுவனத்தின் கசுஹிசா ஹாஷிமோட்டோ, 1986இல் ‘கிரேடியஸ்’ விளையாட்டை வீட்டுக் கன்சோலுக்கு (தொலைக்காட்சியில் இணைத்து ஆடும் கருவிக்கு) மாற்றியபோது, தன்னாலேயே அதை ஆடி முடிக்க முடியாததால் சோதனைக்காக, அழுத்தினால் ஆட்டத்தை எளிதாக்கும் ஒரு ரகசியப் பொத்தான் வரிசையை உள்ளே வைத்தார். பிற்காலத்தில் ‘கான்ட்ரா’வில் முப்பது உயிர் கொடுத்து உலகப் புகழ் பெற்ற அதே வரிசைதான். உருவாக்கியவரே பயிற்சிக்கு ஒரு வழி வைத்துக்கொண்டார் என்றால் நமக்கு என்ன தயக்கம்? கடைசியில் முழு ஆட்டத்தையும் சேவ் ஸ்டேட் இல்லாமல் ஆடி முடியுங்கள். அந்த வெற்றியில் யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால் எங்கே சேமிக்கிறோம் என்பது முக்கியம். பள்ளத்தின் விளிம்பில் நின்றுகொண்டு சேமிக்காதீர்கள். நிஜ ஆட்டத்தில் நீங்கள் அங்கே ஓடி வருவீர்கள்; நின்ற நிலையில் பழகிய தாவல் ஓடும்போது பொருந்தாது. மூன்று, நான்கு நொடி முன்னாலேயே சேமியுங்கள். அங்கிருந்து தொடர்ந்து ஐந்து முறை அடிபடாமல் கடந்தால், சேமிப்பு இடத்தை இன்னும் பத்து நொடி பின்னுக்குத் தள்ளுங்கள். ஐந்தாவது முறை தவறினால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து. இது கடுமையாகத் தோன்றும். ஆனால் ஒரு முறை கடப்பது தற்செயலாகவும் நடக்கும். ஐந்து முறை தொடர்ந்து கடப்பது கைக்குத் தெரிந்தால்தான் நடக்கும். இப்படியே லெவலின் தொடக்கம்வரை பின்னோக்கி வாருங்கள். ஆட்டத்தைச் சில நொடி பின்னுக்கு ஓட்டும் ரீவைண்ட் வசதியை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். தவறு நடந்த அதே நொடியில் அதை அழித்துவிடுவதால், தவறுக்கு முன்னால் என்ன செய்தோம் என்று மனம் திரும்பிப் பார்ப்பதே இல்லை.

இனி அந்தப் பறவை. இந்த விளையாட்டில் எதிரிகள் நேரத்தைப் பார்த்து வருவதில்லை, இடத்தைப் பார்த்து வருகிறார்கள். ஒவ்வொரு எதிரிக்கும் வரைபடத்தில் ஒரு புள்ளி உண்டு. திரையின் ஓரம் அந்தப் புள்ளியைத் தொட்டதும் எதிரி தோன்றுகிறான். அவனை வெட்டிய பிறகு நீங்கள் ஓரடி பின்வாங்கி மறுபடி முன்னே வந்தால், ஓரம் அதே புள்ளியை மீண்டும் தொடும். அதே எதிரி மீண்டும் வருவான். பயந்து பின்வாங்குபவர்களை இந்த விளையாட்டு தண்டிப்பதாகத் தோன்றுவதற்குக் காரணம் இதுதான். அடிபட்டதும் நாயகன் பின்னால் தூக்கி எறியப்படுவதால், மேடை ஓரத்தில் வாங்கும் ஒரே அடி உயிரையே பறிக்கிறது.

எனவே இப்படிச் செய்யுங்கள். ஒரு நாள் ஜெயிக்கும் எண்ணமே இல்லாமல் அந்த இடத்துக்குப் போங்கள். மெதுவாக, ஓர் அடி, இன்னோர் அடி என்று நகர்ந்து, பறவை தோன்றும் நொடியில் நாயகனின் கால் எந்தக் கல்லின் மேல் இருக்கிறது என்று பாருங்கள். அந்தக் கல்தான் உங்கள் அடையாளம். அடுத்த முறை பறவைக்காகக் காத்திராமல், கல்லை மிதித்ததும் வாளை வீசப் பழகுங்கள். வாள் நீளும்போது பறவை அதற்குள் வந்து விழும். பார்த்துவிட்டு அடிப்பதற்கும், வருமென்று தெரிந்து அடிப்பதற்கும் இடையில் இருக்கும் அந்தச் சிறு அவகாசத்தைத்தான் நீங்கள் கை வேகம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இந்த வழி பெரும்பாலான பழைய விளையாட்டுகளுக்குப் பொருந்தும். அக்காலத்து கேட்ரிட்ஜ்களில், அதாவது விளையாட்டு அடங்கிய செருகு பெட்டிகளில், நினைவக இடம் மிகக் குறைவு. ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’ முழுவதுமே 40 கிலோபைட்தான். குறுக்குவழிகள் தெரிந்த வல்லுநர்கள் அதை ஐந்து நிமிடத்துக்குள் முடித்துவிடுகிறார்கள். இவ்வளவு சிறிய ஆட்டம் பல வாரம் நீடிக்க வேண்டுமானால் அது கடினமாக இருந்தாக வேண்டும். அதே காரணத்தால் அதில் எதுவும் பெரிதாக மாறுவதில்லை. 1991இல் வந்த ‘பேட்டில்டோட்ஸ்’ விளையாட்டின் மூன்றாம் லெவலில், வண்டியில் பறக்கும்போது சுவர்கள் கண்மூடித் திறப்பதற்குள் வரும். வேகம் எத்தனை கூடினாலும் சுவர்களின் வரிசை ஒன்றேதான். ‘மேல், கீழ், மேல், மேல்’ என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஆடுங்கள். கண்ணைவிட வாய் அந்த வரிசையைச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்.

ஒரு விளையாட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது, எதிரி இல்லாத இடத்தில் பத்து நிமிடம் தாவிப் பாருங்கள். ‘நிஞ்ஜா கெய்டன்’ நாயகனைக் காற்றிலேயே திசை திருப்பலாம். ‘காசில்வேனியா’விலும் ‘கோஸ்ட்ஸ் அண்ட் காப்ளின்ஸ்’ விளையாட்டிலும் அது நடக்காது. கால் தரையை விட்டதும் விழும் இடம் முடிவாகிவிடுகிறது. அங்கே யோசனை முழுவதும் தரையில் இருக்கும்போதே முடிந்திருக்க வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் உங்கள் தொலைக்காட்சியைச் சரிபாருங்கள். இந்தப் பழைய கன்சோல்கள் நொடிக்கு ஏறக்குறைய 60 ஃபிரேம் (தனித்தனிப் படம்) காட்டுகின்றன. ஒரு ஃபிரேம் சுமார் 17 மில்லிநொடி. பழைய குழாய்த் திரைகளில் தாமதம் என்பதே கிட்டத்தட்ட இல்லை. இன்றைய தொலைக்காட்சி, படத்தை மெருகூட்டுவதற்காக 50 மில்லிநொடி எடுத்துக்கொண்டாலும் நீங்கள் மூன்று ஃபிரேம் பின்தங்கிவிடுகிறீர்கள். அமைப்புகளில் அந்த மெருகூட்டலைக் குறைக்கும் கேம் மோட் இருக்கும், அதைப் போடுங்கள். முடிந்தால் கம்பியுள்ள கன்ட்ரோலர் வாங்குங்கள். ஐரோப்பியப் பதிப்பை ஆடுகிறீர்கள் என்றால் அது 50 ஃபிரேமில் ஓடும். இணையத்தில் 60 ஃபிரேம் காணொளியைப் பார்த்துப் பழகிய நேரக்கணக்கு அதில் பொருந்தாமல் போகலாம்.

ஒரு மணி நேரத்தையும் ஒரே மூச்சில் ஆட வேண்டாம். இருபது நிமிடம் அந்தப் பத்து நொடி, பிறகு ஓய்வு, விருப்பமிருந்தால் இன்னொரு இருபது நிமிடம். கன்ட்ரோலரைப் பிடிக்கும் பிடி இறுகத் தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள்; அதற்குப் பின் ஆடுவது தவறுகளை மனப்பாடம் செய்வதுதான். முந்தின இரவு வராத தாவல், தூங்கி எழுந்த மறுநாள் முதல் முயற்சியிலேயே வருவதை நீங்களே பார்ப்பீர்கள்.

6-2 கடந்ததும் இன்னொன்று காத்திருக்கிறது. இப்போதே சொல்லிவிடுகிறேன், அப்போது மனம் உடைய வேண்டாம். கடைசியில் அடுத்தடுத்து மூன்று பாஸ்கள், அதாவது பெரிய எதிரிகள். அவர்களில் யாரிடம் தோற்றாலும் 6-1க்கே திருப்பி அனுப்பப்படுவீர்கள். கன்ட்ரோலரை வீசத் தோன்றும் இடம் அது. ஆனால் முதல் பாஸை வீழ்த்திய பிறகு இரண்டாமவனிடம் தோற்றால், மீண்டும் நடந்து வந்து சேரும்போது முதலாமவன் அங்கே இருக்க மாட்டான். நேரே இரண்டாமவனோடுதான் சண்டை.