பீடி தொடாத அத்தைக்கு ஏன் இந்த மூச்சிரைப்பு?

கேள்வி: என் மாமியாருக்கு 62 வயது. நாள்பட்ட இருமல், சளி, நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையில் குழாயில் ஊதச் சொல்லிப் பார்த்துவிட்டு சி.ஓ.பி.டி. (மூச்சுக்குழாய் சுருங்கும் நாள்பட்ட நுரையீரல் நோய்) என்றார்கள். பீடி, சிகரெட் எதுவும் தொட்டதில்லை. தினமும் இழுக்கச் சொன்ன இன்ஹேலரை, 'பழகிட்டா விட முடியாது' என்று இரைக்கும்போது மட்டும் இழுக்கிறார். நாங்கள் அவரை ஒரு வேலையும் செய்ய விடுவதில்லை. காலையில் வெந்நீர் அடுப்பு மூட்டுவதோடு சரி. இன்னும் என்ன செய்யலாம்?
- வாசகி, குடியாத்தம்

பதில்: அன்புச் சகோதரி, அந்த வெந்நீர் அடுப்பை நாளையிலிருந்து அத்தை மூட்ட வேண்டாம். விறகும் வரட்டியும் வைத்து ஊதி ஊதிச் சமைத்த தலைமுறை அவர். பீடி பிடிக்காமலே இந்நோய் வரும் நம் பெண்களில் பலருக்கு அடுப்புப் புகைதான் காரணம். கெட்ட நுரையீரல் பழையபடி ஆகாது. மேலும் கெடாமல் காக்கலாம். வீட்டில் யாராவது புகைத்தால் அதுவும் நிற்கட்டும். போகி அன்று அவரை வெளியே விடாதீர்கள்.

இன்ஹேலர் போதைப் பழக்கம் ஆகாது. மருந்து நேரே நுரையீரலுக்குப் போவதால் மிகக் குறைந்த அளவே போதும். தினமும் எடுப்பது வேறு, அவசரத்துக்கு எடுப்பது வேறு; எது எது என்று டாக்டரிடம் கேட்டு டப்பாவின் மேல் எழுதி ஒட்டுங்கள். அவர் இழுப்பதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். அழுத்தும் பம்ப் என்றால் குலுக்கி, மூச்சை முழுக்க வெளியே விட்டு, மெதுவாக இழுத்துக்கொண்டே அழுத்த வேண்டும்; பிறகு 10 எண்ணும்வரை அடக்க வேண்டும். வாயோரம் புகை போல வெளியேறினால் மருந்து வீண். அப்படியானால் ஸ்பேசர் (பம்பில் மாட்டி இழுக்கும் குழாய் டப்பா) கேளுங்கள். கருவிக்குள் பொடி மாத்திரை போட்டு இழுக்கும் வகையென்றால் வேகமாக, ஆழமாக இழுக்க வேண்டும். ஸ்டீராய்டு கலந்ததென்றால் பிறகு வாய் கொப்பளித்துத் துப்பட்டும்.

உட்கார வைப்பது பாசம்தான், ஆனால் கால் தசை இளைத்து இரைப்பு கூடும். தெருமுனைவரை தினமும் நடக்கட்டும். மூச்சு முட்டினால் முன்னால் சாய்ந்து, சூடான காபியை ஆற்றுவது போல உதட்டைக் குவித்து மெல்ல ஊதட்டும். சாப்பாடு கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை. ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசி பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால், இரைப்பு கூடினால் அன்றே காட்டுங்கள். உதடு நீலம் பாய்ந்தால், பகலில் காரணமில்லாமல் தூங்கி வழிந்தால், பேச்சு குழறினால் 108 தான். பின்னாளில் வீட்டில் ஆக்சிஜன் வைக்க நேர்ந்தால், டாக்டர் சொன்ன அளவை நீங்களாகக் கூட்டாதீர்கள். அதிக ஆக்சிஜனும் இவர்களில் சிலருக்கு ஆபத்து.