ஆயில் புல்லிங், உப்புத் தண்ணீர், கிராம்பு எண்ணெய்: எதை எதற்கு நம்பலாம்?

வாய் கொப்பளிப்பது பற்றி வாசகர்கள் கேட்டவற்றில் ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். பல் மருத்துவராக என் அக்கறை இதுதான்: வாயில் எதை ஊற்றிக் கொப்பளித்தாலும், அது எங்கே போய்ச் சேரும், எங்கே சேராது என்று தெரிந்துகொண்டு செய்ய வேண்டும். அது தெரியாமல் மாதக்கணக்கில் நம்பிக் காத்திருந்து, சொத்தைக் குழியை அடைக்கும் ஒரு சின்ன சிகிச்சையோடு முடிந்திருக்க வேண்டிய பல்லைப் பிடுங்கும் நிலையில் வருகிறவர்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது.

தினமும் காலையில் நல்லெண்ணெயில் ஆயில் புல்லிங் செய்கிறேன். உண்மையிலேயே பலன் உண்டா, வெறும் நம்பிக்கையா?

பலன் உண்டு, ஆனால் அளவான பலன். நல்லெண்ணெயையும் தேங்காய் எண்ணெயையும் வைத்துச் சில வாரங்கள் நடந்த ஆய்வுகள் பலவற்றில், பல்மேல் படியும் பிளேக் என்ற கிருமிப் படலம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. ஈறு வீக்கமும், சொத்தைக்குக் காரணமான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் கிருமியின் எண்ணிக்கையும் குறைந்திருக்கின்றன. எல்லாமே குறைந்த எண்ணிக்கையில் ஆட்களை வைத்துக் குறுகிய காலம் செய்தவை. அதனால்தான் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் பல் துலக்குவதற்குப் பதிலாக இதைப் பரிந்துரைப்பதில்லை. என் கருத்தும் அதுவே.

எப்படி வேலை செய்கிறது என்பதற்குப் பெரிய ரகசியம் தேவையில்லை. பத்து, பதினைந்து நிமிடம் வாயில் ஒரு திரவத்தை விடாமல் சுழற்றினால் தளர்வாக ஒட்டியிருப்பவை கழன்று வரும். எண்ணெயின் வழவழப்பு கிருமிகள் புதிதாக ஒட்டுவதையும் சற்றுத் தடுக்கக்கூடும். தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம் என்றும், அது கிருமியைக் கொல்லும் என்றும் சொல்வார்கள். ஆய்வுக்கூடத்தில் தனி லாரிக் அமிலம் கொல்கிறது, சரி. எண்ணெயில் அது தனியாக இருப்பதில்லை, கொழுப்பு மூலக்கூறோடு பிணைந்திருக்கிறது. கால் மணி நேரத்தில் எச்சில் அதைப் பிரித்து விடுவித்துவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. எண்ணெய் வாயில் சோப்பாக மாறி அழுக்கை எடுக்கிறது என்ற விளக்கமும் எனக்கு ஒப்பவில்லை. சோப்பு உண்டாக நல்ல காரம் வேண்டும், எச்சில் கிட்டத்தட்ட நடுநிலையானது.

எண்ணெய் போகாத இடங்களையும் சொல்லிவிடுகிறேன்: இரண்டு பல் நெருக்கமாக உரசும் இடம், ஈறுக்கு அடியில் உள்ள பை, சொத்தைக் குழியின் அடிப்பகுதி. நோய் பெரும்பாலும் தொடங்குவது அங்கேதான். அங்கே பிரஷும், பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் ஃப்ளாஸ் நூலும், பல் மருத்துவரின் கருவியும்தான் போகும். அதோடு, எனாமலைத் திரும்பக் கெட்டிப்படுத்தும் ஃப்ளோரைடு எண்ணெயில் இல்லை, பேஸ்டில்தான் இருக்கிறது.

எவ்வளவு எண்ணெய், எவ்வளவு நேரம்? எந்த எண்ணெய் நல்லது?

ஒரு மேசைக்கரண்டி வரை போதும். தாடை வலித்தால் ஒரு டீஸ்பூனோடு தொடங்குங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் கட்டாயமில்லை. வெறும் வயிற்றில், பல் துலக்குவதற்கு முன் செய்யலாம். மெதுவாகச் சுழற்றுங்கள். தொண்டைவரை கொண்டுபோய்க் களகளவென்று கொப்பளிக்க வேண்டாம். துப்பிய பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் வாயைக் கழுவி, ஃப்ளோரைடு பேஸ்டால் இரண்டு நிமிடம் துலக்குங்கள். துலக்கியபின் நுரையைத் துப்பினால் போதும், தண்ணீர் விட்டு அலசித் தள்ளாதீர்கள். ஃப்ளோரைடு பல்மேல் தங்க வேண்டும்.

நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் மூன்றில் எது வாய்க்குப் பிடிக்கிறதோ அது. எள் ஒவ்வாமை உள்ளவர்கள் நல்லெண்ணெயைத் தொடவே கூடாது. எண்ணெயைத் தொட்டியில் துப்பாமல் காகிதத்தில் துப்பிக் குப்பையில் போடுங்கள். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே உறைந்து குழாயை அடைத்துவிடும்.

ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். கொப்பளிக்கும்போது எண்ணெய் மூச்சுக்குழாயில் இறங்கி நுரையீரலில் அழற்சி உண்டானவர்கள் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன. விழுங்குவதில் சிரமம் உள்ளவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், இருமல் அடங்காதவர்கள், படுத்த படுக்கையாக இருப்பவர்கள் யாருக்கும் இது வேண்டாம்.

துப்பும்போது எண்ணெய் வெள்ளையாக, நுரையாக வருகிறது. உடம்பில் உள்ள நச்சு வெளியேறுகிறது என்கிறார்களே?

அது எச்சிலும் காற்றும் எண்ணெயோடு கலந்த கலவை. சுத்தமான வாயில் சுழற்றினாலும் வெள்ளையாகத்தான் வரும். வாயின் உள்தோல் வழியாக ரத்தத்திலிருந்து நச்சை எண்ணெய் இழுக்கும் வழி எதுவும் உடம்பில் இல்லை. அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் செய்கின்றன.

ஆயுர்வேதத்தின் பெயரால் இதைச் சொல்கிறார்கள் என்பதால் சற்று விளக்குகிறேன். ஆயுர்வேதத்தில் இரண்டு முறைகள் உண்டு. வாய் நிறைய வைத்து அசைக்காமல் இருப்பது கண்டூஷம், குறைவாக வைத்துச் சுழற்றுவது கவளம். எண்ணெயை வாயில் வைப்பதால் தாடைக்கும் குரலுக்கும் வலு வரும், தொண்டை வறளாது, உதடு வெடிக்காது, பல் கெடாது என்று சரக சம்ஹிதை சொல்கிறது. எல்லாமே வாயையும் அதைச் சுற்றியும் உள்ள பலன்கள்தான். மூட்டுவலி முதல் இதய நோய் வரை தீரும் என்ற பட்டியல், 1990களில் கராச் என்பவரின் பெயரோடு சூரியகாந்தி எண்ணெய் முறையாக உலகம் முழுக்கப் பரவியது. பழைய நூலுக்கு இந்தப் பழியைப் போடக் கூடாது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் சாப்பிடும் மாத்திரையை இதை நம்பி நிறுத்திவிடாதீர்கள், தயவுசெய்து.

துலக்கும்போது ஈறில் ரத்தம் வருகிறது. ஆயில் புல்லிங் தொடங்கியபின் குறைந்த மாதிரி இருக்கிறது. தொடரலாமா?

தொடருங்கள், ஆனால் ஒரு முறை பல் மருத்துவரிடம் காட்டுங்கள். ரத்தம் வர முக்கியக் காரணம் ஈறு ஓரத்தில் தங்கும் பிளேக். அகற்றாமல் விட்டால் சில நாட்களிலேயே எச்சிலில் உள்ள தாது உப்புகள் படிந்து காரையாக இறுகத் தொடங்கும். இறுகிய காரையை எண்ணெயோ உப்போ மூலிகையோ கரைக்காது, சுரண்டித்தான் எடுக்க வேண்டும். "கிளீனிங் செய்தால் பல் ஆடும்" என்ற பயம் பலரைத் தடுக்கிறது. ஏற்கெனவே எலும்பு கரைந்து ஆடிக்கொண்டிருந்த பல்லைக் காரை பிடித்து வைத்திருக்கும். காரையை எடுத்ததும் ஆட்டம் தெரிகிறது, அவ்வளவுதான்.

ரத்தம் வருகிற இடத்தில் பிரஷ் வைக்காமல் விடுவது எல்லோரும் செய்வது. அங்கேதான் மென்மையான பிரஷால் கவனமாகத் துலக்க வேண்டும். புகைபிடிப்பவர்களுக்கு ஈறு நோய் இருந்தும் ரத்தம் குறைவாகத் தெரியலாம், அதனால் ரத்தம் வரவில்லை என்று நிம்மதி அடைய வேண்டாம். சர்க்கரை நோய் கட்டுப்பாட்டில் இல்லாவிட்டாலும் ஈறு மோசமாகும்.

கடைவாய்ப் பல்லில் சொத்தை. வலிக்கும்போது கிராம்பு எண்ணெய் வைத்தால் நின்றுவிடுகிறது. அப்படியே சமாளிக்கலாமா?

முடியாது. கிராம்பு எண்ணெயில் பெரும்பகுதி யூஜினால், அது நரம்பை மரத்துப்போகச் செய்யும். பல் மருத்துவத்திலேயே தற்காலிக அடைப்புகளில் அதைப் பயன்படுத்துகிறோம். ஆகவே வலி குறைவது உண்மை. ஆனால் குழி ஆழமாகிக்கொண்டே போகும். பிறகு ஒரு நாள் வலி தானாகவே நின்றுவிடும், அப்போது குணமானதாக நினைப்பீர்கள். பெரும்பாலும் பல்லின் நரம்பு செத்துப்போய்க் கிருமி வேர்நுனிக்கு இறங்கிய அறிகுறி அது. இந்தக் கட்டத்துக்கு முன்பே வந்தால் அடைத்துவிடலாம். பிறகு வந்தால் ரூட் கெனால், அல்லது பிடுங்க வேண்டும்.

அந்த இரவைக் கடத்த ஒரு வழி: சமையல் எண்ணெயில் ஓரிரு சொட்டு கிராம்பு எண்ணெய் கலந்து, பஞ்சில் தொட்டுப் பல்லில் மட்டும் வையுங்கள். அப்படியே ஊற்றினால் ஈறும் கன்னமும் வெந்துவிடும். பாட்டிலைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்க வேண்டும், சில மில்லி விழுங்கினாலே அவர்களின் கல்லீரல் கெடலாம். முகம் வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, வாய் திறக்கவும் விழுங்கவும் கஷ்டமானாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். மூச்சுவிடக் கஷ்டமென்றால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

பல் பிடுங்கிய பிறகு உடனே உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கலாமா?

முதல் 24 மணி நேரம் கொப்பளிக்கவே வேண்டாம், பலமாகத் துப்பவும் வேண்டாம், ஸ்ட்ரா வைத்து உறிஞ்சவும் வேண்டாம். குழியில் உறைந்த ரத்தக்கட்டி அங்கே இருந்தால்தான் ஆறும். அது பெயர்ந்துவிட்டால் எலும்பு வெளியே தெரிந்து, இரண்டு மூன்று நாள் கழித்துக் காதுவரை வலி எடுக்கும்.

மறுநாளிலிருந்து, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு போட்டு, சாப்பிட்டபின் மெதுவாக வாயில் வைத்துச் சாய்த்துத் துப்புங்கள். வாய்ப்புண்ணுக்கும் ஞானப் பல் ஈறு வீக்கத்துக்கும் இதே அளவு போதும். இயற்கைக் கொப்பளிப்புகளில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் உப்புத் தண்ணீரைத்தான் சொல்வேன். எளிமையானது, புண்ணை எரிக்காது. உப்பை அதிகம் போட்டால் கூடுதல் பலன் எதுவும் இல்லை, வாய்தான் வறளும்.

எலுமிச்சைச் சாறு, ஆப்பிள் சிடர் வினிகர் கொண்டு கொப்பளித்தால் பல் வெள்ளையாகுமா?

வேண்டவே வேண்டாம். எனாமல் கரையத் தொடங்கும் அமில அளவு சுமார் பிஎச் 5.5. இவை இரண்டும் 2 முதல் 3க்குள் இருப்பவை. முதலில் பளிச்சென்று தெரியலாம். பிறகு எனாமல் மெலிந்து உள்ளிருக்கும் மஞ்சள் பகுதி தெரியும், பல் கூசும். போன எனாமல் திரும்பி வளராது. கரித்தூள் போட்டுத் தேய்ப்பதும் இப்படித்தான், தேய்மானம்தான் மிஞ்சும்.

கர்ப்ப காலம். தினமும் வாந்தி. உடனே பல் துலக்கினால்தான் நிம்மதியாக இருக்கிறது. சரியா?

வாந்தியில் வருவது வயிற்று அமிலம். அது பட்டு இளகியிருக்கும் எனாமலை உடனே பிரஷால் தேய்த்தால் தேய்ந்துவிடும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் சமையல் சோடா கலந்து கொப்பளித்துத் துப்புங்கள், அமிலம் அடங்கும். அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத் துலக்கலாம். அடிக்கடி நெஞ்செரிச்சலில் புளித்த நீர் மேலே வருகிறவர்களுக்கும் இது பொருந்தும். எண்ணெய் வாடை குமட்டினால் இந்த மாதங்களில் ஆயில் புல்லிங்கை விட்டுவிடுங்கள், ஒன்றும் குறைந்துபோகாது.

ஐந்து வயதுக் குழந்தைக்கு ஆயில் புல்லிங் பழக்கலாமா?

வேண்டாம். அந்த வயதில் துப்பும் கட்டுப்பாடு முழுதாக வந்திருக்காது. விழுங்கவோ புரையேறவோ வாய்ப்பு அதிகம். பட்டாணி அளவு ஃப்ளோரைடு பேஸ்ட் வைத்து நீங்களே துலக்கிவிடுங்கள். மூன்று வயதுக்குக் கீழே என்றால் அரிசி அளவு.

மருத்துவர் குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் கொடுத்தார். பல் பழுப்பாகிறது. அதற்குப் பதில் திரிபலா கஷாயம் பயன்படுத்தலாமா?

குளோர்ஹெக்சிடின் நல்ல மருந்து, ஆனால் குறுகிய கால மருந்து. பொதுவாக இரண்டு வாரம். அதற்கு மேல் போனால் கறை படியும், சுவை மாறும். நாக்கில் உள்ள நல்ல கிருமிகளும் அழியும். உணவிலுள்ள நைட்ரேட்டை மாற்றி ரத்தக் குழாய்கள் தளர உதவுகிற கிருமிகள் அவற்றில் உண்டு, ஆகவே கிருமிநாசினி மவுத்வாஷை மாதக்கணக்கில் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம். பல் துலக்கிய உடனே அதைப் பயன்படுத்தினால் பேஸ்டில் உள்ள நுரைப்பொருள் அதன் வேலையைக் கெடுக்கும், அரை மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் சேர்ந்த திரிபலா, பிளேக்கைக் குறைப்பதில் குளோர்ஹெக்சிடினுக்கு நெருக்கமாக இருந்ததாகச் சில ஆய்வுகள் காட்டுகின்றன. கறைப் பிரச்சினையும் இவ்வளவு இல்லை. எனவே அன்றாடத்துக்கு வடிகட்டிய கஷாயமாகப் பயன்படுத்துவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அறுவைச் சிகிச்சைக்குப் பின் கொடுத்த மருந்தை மட்டும் நீங்களாக மாற்றாதீர்கள்.

எதைக் கொப்பளித்தாலும் ஒரு மணி நேரத்தில் வாய் நாற்றம் திரும்பிவிடுகிறது. என்ன செய்வது?

கொப்பளிப்பதை விட்டுவிட்டு நாக்கைப் பாருங்கள். வாய் நாற்றம் பெரும்பாலும் வாயிலிருந்தேதான் வருகிறது, அதிலும் நாக்கின் பின்பக்கத்திலிருந்து. அங்கே கிருமிகள் புரதத்தைச் சிதைத்துக் கந்தக வாயுக்களை வெளிவிடுகின்றன. நாக்கு வழிப்பானைப் பின்னாலிருந்து முன்னால் நான்கைந்து முறை மெதுவாக இழுங்கள். ஃப்ளாஸ் நூலை ஒவ்வொரு பல்லிடுக்கிலும் விட்டு முகர்ந்து பாருங்கள், எந்த இடத்து நூல் நாறுகிறதோ அங்கே சொத்தையோ ஈறுப் பையோ இருக்கலாம். பல் செட் போட்டிருந்தால் இரவில் கழற்றி, பிரஷால் தேய்த்து ஊறவைக்க வேண்டும். வாய் வறட்சி இருந்தால் ஆல்கஹால் கலந்த மவுத்வாஷைத் தவிருங்கள், சாப்பிடும் மாத்திரைகளில் ஏதாவது வறட்சி தருகிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இவ்வளவும் செய்து ஒரு மாதத்தில் மாறாவிட்டால் டான்சில், சைனஸ் பக்கம் பார்க்க காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் போகலாம்.