கடை மாடலுக்குப் பத்து, கை மாடலுக்கு ஆறா?

கேள்வி: என் மகள் சிபிஎஸ்இ பள்ளியில் ஏழாம் வகுப்பு. மழைநீர் சேகரிப்பு ப்ராஜெக்டை அட்டைப்பெட்டியும் ஸ்ட்ராவும் வைத்துத் தானே செய்தாள். பத்துக்கு ஆறுதான். கடையில் காசு கொடுத்துச் செய்து வாங்கிய தெர்மாகோல் வீட்டுக்குப் பத்து. “அடுத்த தடவை நாமும் வாங்கிடலாம்மா” என்கிறாள். என்ன சொல்வது?
- ஒரு அம்மா, மேடவாக்கம்

பதில்: வாங்காதீர்கள் அம்மா. கோபம் நியாயம்தான். ஆனால் அந்த ஆசிரியரையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நாற்பது மாடலை ஒரே பீரியடில் பார்த்து மார்க் போடச் சொன்னால் முதலில் கண்ணில் படுவது பெயின்ட்தான். மாநிலப் பாடத்திட்டத்தில் 2012-13இல் முப்பருவ முறை வந்தபோது வளரறி மதிப்பீட்டுக்கு, அதாவது வருடம் முழுக்கச் செய்யும் ப்ராஜெக்ட், செயல்பாடுகளுக்கு, நூற்றுக்கு 40 மதிப்பெண் ஒதுக்கினார்கள். அங்கேயும் சார்ட் பேப்பர் வியாபாரம்தான் சூடு பிடித்தது!

ஆசிரியரைப் பார்க்கும்போது “ஏன் ஆறு?” என்று ஆரம்பிக்காதீர்கள். அடுத்த ப்ராஜெக்ட் கொடுக்கும் அன்றே, எதற்கு எத்தனை மார்க் என்று கேளுங்கள். தானே கண்டுபிடித்ததற்கு எவ்வளவு, விளக்கிச் சொல்வதற்கு எவ்வளவு, அழகுக்கு எவ்வளவு? மாடலைப் பற்றிப் பிள்ளையிடம் இரண்டு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். எது கடைச் சரக்கு என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

உண்மையில் மாடலே தேவையில்லை என்பேன். தமிழ்நாட்டில் 2003இலேயே எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். உங்கள் வீட்டுக் குழாய் எங்கே போகிறது, தொட்டியில் கூழாங்கல் இருக்கிறதா, குப்பை இருக்கிறதா என்று அவளே போய்ப் பார்க்கட்டும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 600 சதுர அடி மாடியில் 10 மி.மீ. பெய்தால் சுமார் 560 லிட்டர், அதாவது 28 தண்ணீர் கேன்! மாடியை அவளே டேப் வைத்து அளந்து, மழை நாளில் பாத்திரம் வைத்துப் பார்த்து, நோட்டில் தேதி போட்டு எழுதட்டும். கணக்கு தப்பினால் அடித்துத் திருத்தியதும் அதிலேயே இருக்கட்டும். நீங்கள் பேனாவைத் தொடக்கூடாது.

இதற்கும் ஆறுதான் விழுந்தால்? விட்டுவிடுங்கள். பள்ளியே போடும் அகமதிப்பீட்டு மார்க், பாடத்துக்கு 20 என்று பொதுத் தேர்வு மார்க்கோடு சேர ஆரம்பிப்பதே பத்தாம் வகுப்பில்தான். ஏழாம் வகுப்பு ப்ராஜெக்ட் மார்க்கை எந்தக் கல்லூரியும் கேட்கப் போவதில்லை.