வாசகர் கேள்வி பதில்: சமைப்பவருக்கும் ஞாயிறு உண்டு

கேள்வி: என் கணவர் மணலியில் ஒரு தொழிற்சாலையில் பணிபுரிகிறார்; நான் தனியார் பள்ளி ஆசிரியை. ஒன்பதாம் வகுப்பிலும் நான்காம் வகுப்பிலும் படிக்கும் இரு பிள்ளைகளும் மாமியாரும் எங்களுடன் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கணவர் காசிமேட்டுக்குப் போய் மீன் வாங்கி வருவார். அதை ஆய்ந்து கழுவி வைத்துவிட்டு எட்டரை மணி ஆராதனைக்கு ஓடுகிறேன். பாடகர் குழுவிலும் இருக்கிறேன், ஓய்வுநாள் பள்ளியிலும் பாடம் எடுக்கிறேன். திரும்பி வந்து சமைத்து முடிக்கும்போது மணி இரண்டாகிவிடும். அதன் பிறகு உறவினர் வருகை, மகனுக்கு டியூஷனில் தேர்வு, மாலையில் பெண்கள் ஐக்கிய சங்கம், இரவில் சீருடைகளுக்கு இஸ்திரி. திங்கட்கிழமை பள்ளிக்குப் போய் நாற்காலியில் உட்காரும்போதுதான் மூச்சு விடுகிறேன். ஓய்வுநாளை மீறுகிறேனோ என்ற குற்ற உணர்வும் இருக்கிறது. என்ன செய்யலாம்?
ஒரு சகோதரி, தண்டையார்பேட்டை

பதில்: அன்புச் சகோதரி, முதலில் குற்ற உணர்வைப் பற்றிப் பேசிவிடுவோம். ஓய்வுநாள் கட்டளை வேதாகமத்தில் யாத்திராகமம் 20ஆம் அதிகாரத்திலும் உபாகமம் 5ஆம் அதிகாரத்திலும் வருகிறது. ஆனால் இரண்டு இடங்களிலும் சொல்லப்படும் காரணம் ஒன்றல்ல. முதலாவது, கர்த்தர் ஆறு நாளில் உலகைப் படைத்து ஏழாம் நாளில் ஓய்ந்திருந்ததை நினைவூட்டுகிறது. இரண்டாவது, நீ எகிப்திலே அடிமையாயிருந்தாய் என்பதை நினைவூட்டி, உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப் போலவே இளைப்பாற வேண்டும் என்கிறது. மகன், மகள், வேலையாட்கள், மாடு, கழுதை, வாசலில் வந்து தங்கிய அந்நியன் வரை எல்லாரையும் எண்ணிச் சொல்லும் அந்த வசனத்தில் மனைவி என்று தனியே ஒரு சொல் இல்லை. ‘நீ’ என்பதில் அவளும் அடங்கியிருக்கிறாள் என்றுதான் கொள்ள வேண்டும். நம் வீடுகளில் என்னவோ அவளைப் பட்டியலிலேயே சேர்க்காததுபோல் நடந்துகொள்கிறோம். நீங்கள் ஓய்வுநாளை மீறவில்லை. உங்கள் பங்கு ஓய்வு உங்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

அதை வரவழைக்கும் வேலையை ஞாயிறு காலையில் தொடங்கினால் நேரம் போதாது. வேதாகமத்தின் கணக்கில் நாள் என்பது மாலையில் தொடங்குவது. ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்திலேயே சாயங்காலம் முதலிலும் விடியற்காலம் பிறகும் வருகின்றன. ஓய்வுநாளுக்கு முந்தின நாளுக்கு ‘ஆயத்தநாள்’ என்று சுவிசேஷங்களில் பெயரே இருக்கிறது. வனாந்தரத்தில் கர்த்தர் தந்த மன்னா என்ற உணவைப் பொறுக்கிய இஸ்ரவேல் மக்கள் ஆறாம் நாளில் இரண்டு மடங்கு சேர்த்தார்கள், சுட வேண்டியதைச் சுட்டு, வேவிக்க வேண்டியதை வேவித்து, மறுநாளுக்கு எடுத்து வைத்தார்கள். மற்ற நாட்களில் மீதம் வைத்த மன்னா பூச்சி பிடித்து நாறியது, அன்று மட்டும் கெடவில்லை. ஆகவே, சனிக்கிழமை சூரியன் அடங்கும் வேளையையே உங்கள் ஞாயிற்றின் வாசலாக வைத்துக்கொள்ளுங்கள்.

இனி மீனுக்கு வருவோம், ஏனென்றால் உங்கள் ஞாயிற்றுக்கிழமையைத் தின்பது அந்த மீன்தான். வடசென்னைக்காரர்களிடம் ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்காதீர்கள் என்று சொல்லும் துணிவு எனக்கில்லை. ஆனால் வாரத்திலேயே கூட்டம் அதிகமான, விலையும் ஏறி நிற்கிற காலை அதுதான் என்பது உங்கள் கணவருக்கே தெரியும். சனிக்கிழமை காலை அவருக்கு ஷிப்ட் இல்லையென்றால் அன்றே வாங்கி வரட்டும். வெட்டிச் சுத்தம் செய்து தருபவர்கள் அங்கேயே இருக்கும்போது, மீனை முழுதாக வீட்டுக்குக் கொண்டுவந்து உங்கள் கையில் கொடுப்பது எதற்கு? அன்று மாலையே குழம்பு வைத்துவிடுங்கள். புளியும் மிளகாயும் துண்டுக்குள் இறங்க ஓர் இரவு வேண்டும்; முதல் நாள் வைத்த மீன் குழம்பின் ருசியை உங்கள் மாமியாருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆறியதும் பிரிட்ஜில் எடுத்து வைத்து, மறுநாள் நன்றாகக் கொதிக்க வைத்தால் போதும். வறுவல்தான் வேண்டுமென்று பிள்ளைகள் கேட்டால், மசாலா தடவிய துண்டுகளும் பிரிட்ஜில் காத்திருக்கட்டும். கோயிலிலிருந்து வந்ததும் அவற்றைத் தவாவில் போடுகிற வேலையை உங்கள் கணவரும் ஒன்பதாம் வகுப்பு மகனும் செய்யலாம். சோறு வடிக்க அரை மணி நேரம் ஆகுமா? பன்னிரண்டரைக்குள் சாப்பிட்டுவிடலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை என்பதால், அந்த 61 நாட்களில் கருவாட்டுக் குழம்போ முட்டைக் குழம்போ போதும் என்று வீட்டில் பேசி முடித்துவிடுங்கள். பழகிப் பார்க்க அதைவிட நல்ல காலம் கிடைக்காது.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை. உங்கள் பாத்திரங்களைத் தேய்க்க ஞாயிற்றுக்கிழமையும் ஓர் அம்மாவை வரச் சொல்லி நீங்கள் இளைப்பாறினால், உபாகமம் சொன்னதற்கு நேர்மாறாகப் போய்விடும். ஐந்து பேர் சாப்பிட்ட தட்டுகளை அவரவர் கழுவி வைத்தால் அந்தப் பிரச்சினையே எழாது. வாரந்தோறும் பிரியாணி வரவழைக்கலாமே என்ற யோசனைக்கும் எனக்குள்ள தயக்கம் இதுதான். அவசரத்துக்கு வாங்குவதில் தவறில்லை.

சபை வேலைகளைப் பற்றிச் சொல்லச் சற்றுத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். பாடகர் குழு, ஓய்வுநாள் பள்ளி, ஐக்கிய சங்கம் ஆகிய மூன்றும் நல்ல ஊழியங்கள். மூன்றையும் ஒரே ஆள் சுமப்பது நல்லதல்ல. தன் வீட்டுக்கு வந்த இயேசுவை உபசரிக்க ஓடியாடிய மார்த்தாள் செய்த பணிவிடை தவறென்று அவர் சொல்லவில்லை. அநேக காரியங்களைக் குறித்துக் கவலைப்பட்டுக் கலங்குகிறாய் என்றுதான் சொன்னார். இந்தக் கல்வியாண்டு முடியும்வரை ஏற்றுக்கொண்ட பொறுப்பைச் செய்துவிட்டு, அடுத்த ஆண்டுக்கு இரண்டில் ஒன்றை, பாட்டையோ பாடத்தையோ, விட்டுக்கொடுப்பதாக ஆயரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். வாரம் முழுவதும் வகுப்பறையில் நிற்கும் நீங்கள் ஞாயிற்றுக்கிழமையும் வகுப்பெடுப்பதை விட, பாடுவதே உங்களுக்கு இளைப்பாறுதலாக இருக்கும் என்பது என் ஊகம். உங்கள் இடத்துக்கு வர ஆளில்லை என்று சொல்வார்கள். நீங்கள் நகர்ந்தால்தான் அங்கே ஓர் இடம் இருப்பதே மற்றவர் கண்ணுக்குத் தெரியும்.

மற்றவை சிறியவை. சீருடைகளை வெள்ளிக்கிழமை இரவே துவைத்துச் சனிக்கிழமை இஸ்திரிக் கடையில் கொடுத்துவிடலாம். உறவினர்களுக்கு மாதத்தில் ஒரு ஞாயிற்றை, சபையில் திருவிருந்து (அப்பமும் ரசமும்) தரப்படும் ஞாயிறாகப் பார்த்து, ஒதுக்கி முன்கூட்டியே சொல்லிவிட்டால் அன்று அவர்களோடு மனநிறைவாகப் பேசவும் முடியும். மதியம் இரண்டு முதல் நான்கு வரை கதவைச் சாத்திவிட்டுத் தூங்குங்கள். பள்ளி வாட்ஸ்அப் குழுவும் அதுவரை தூங்கட்டும்.

மகனின் டியூஷன் தேர்வைச் சனிக்கிழமைக்கு மாற்றித் தரும்படி ஆசிரியரிடம் கணவர் கேட்கட்டும். படிப்பு போய்விடுமே என்று கணவர் அஞ்சினால் ஒன்றை நினைவூட்டுங்கள். ஞாயிறு விடுமுறை இந்நாட்டுத் தொழிலாளிக்குத் தானாகக் கிடைத்ததல்ல. நாராயண் மேகாஜி லோகாண்டே தலைமையில் பம்பாய் ஆலைத் தொழிலாளர்கள் பல ஆண்டுகள் கேட்டுக் கேட்டு 1890இல் பெற்றது. பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களை வைத்து 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிய பகுதியில் குடியிருந்துகொண்டு, அந்த ஒரு நாளை நாமே பிள்ளைகளிடமிருந்து பிடுங்குவது எனக்கு ஒப்பவில்லை.

கேள்வி: நான் மருத்துவமனையில் செவிலியர். மாதத்தில் இரண்டு ஞாயிறாவது பணி வந்துவிடுகிறது. ஆராதனைக்கும் போக முடிவதில்லை, ஓய்வும் இல்லை. இது தவறா?
ஒரு வாசகி, வியாசர்பாடி

பதில்: தவறில்லை. ஓய்வுநாளில் ஆலயத்தில் வேலை செய்த ஆசாரியர்கள் குற்றமற்றவர்கள் என்று இயேசுவே சொன்னார். அந்த நாளில் நோயாளிகளைக் குணமாக்கியும் இருக்கிறார். ஞாயிறு முழுக்க உழைக்கும் ஆயர்கள் பலர் திங்கட்கிழமையைத் தங்கள் ஓய்வுக்கு வைத்துக்கொள்கிறார்கள். பணிப் பட்டியல் வந்ததும், உங்களுக்கு விடுமுறை கிடைக்கும் நாளை நாட்காட்டியில் ஞாயிறு என்றே குறித்து, அன்று துணி துவைப்பதில்லை, வங்கிக்குப் போவதில்லை என்று வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள். அதிகாலை ஆராதனையோ மாலை ஆராதனையோ நடக்கும் சபைகள் வடசென்னையில் பல உண்டு. உங்கள் சபையில் இல்லையென்றால் பக்கத்துச் சபைக்குப் போய் வருவதில் உங்கள் ஆயர் வருத்தப்பட மாட்டார். இரவுப் பணி முடித்த காலையில் மட்டும் நேரே கோயிலுக்குப் போகாதீர்கள். வீட்டுக்கு வந்து படுத்துவிடுங்கள்.